பறையடியும் பேட்டைப் பேச்சும்: ஒக்கலிபுரத்திலிருந்து சில குறிப்புகள்

பெங்களூர் நகர ரயில் நிலையத்தின் வடமேற்கே, தண்டவாளங்களை ஒட்டிக் கிடக்கும் ஒக்கலிபுரமும் அதன் பக்கத்து ஸ்ரீராம்புரமும் கர்நாடகத் தமிழர் வரலாற்றில் தனி இடம் உடையவை. 1884இல் தொடங்கப்பட்டுப் பின்னாளில் பின்னி மில் என்று பெயர் பெற்ற ஆலை, மினர்வா மில், மல்லேசுவரத்து ராஜா மில் ஆகியவற்றை நம்பி வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே குடியேறினர். ஆலைகள் போயின. ராஜா மில் இருந்த இடத்தில் 2010இல் ஒரு பெரிய வணிக வளாகமே திறந்தாயிற்று. மில் சங்கு நின்ற பிறகும் நிற்காத ஓர் ஒலி இப்பகுதியில் உண்டு. அது சாவு வீட்டுப் பறை.

இவ்வாண்டு மலருக்கு அந்தப் பறையைப் பற்றியும், அதைச் சுற்றி வளர்ந்த பேட்டைப் பேச்சைப் பற்றியும் எழுதப்போவதாகச் சொன்னபோது, சங்கத்து நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். "அதெல்லாம் கொச்சை ஐயா, மலர்ல போடலாமா? வெளியூர்ல இருக்குற குடும்பங்கள் படிக்கிறது" என்றார். வெளியூரில் இருக்கும் குடும்பங்கள் படிப்பதனால்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. ஊரை விட்டு வந்தவர்கள் எதை எடுத்து வந்தார்கள் என்பதற்குக் கல்வெட்டு கிடையாது. அடியும் சொல்லும்தான் சாட்சி.

நான் கல்லூரி கண்டவனல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம், ஸ்ரீராம்புரத்தில் பாத்திரக்கடை. பாத்திரக்கடைக்காரனுக்குக் காதுதான் உரைகல். குடத்தை விரலால் சுண்டினால் ஓட்டை, ஒட்டு, தகட்டின் கனம் மூன்றும் தெரிந்துவிடும். கானா பாடும் பையன்கள் குடம் வாங்க வந்தால் சுண்ட மாட்டார்கள். வயிற்றில் உள்ளங்கையால் ஒரு தட்டு, கழுத்தில் விரலால் ஒரு தட்டு. "நைனா, இதுல பேஸ் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் குலப்பட்டம் நயினார். பையன்கள் வாயில் அது நைனா. தெலுங்கில் அப்பாவுக்கு நாயனா. சென்னைப் பேச்சில் நைனா. ஒரு விளியில் மூன்று ஊர் இருப்பதைக் கவனிக்க. இப்படித்தான் எனக்கு இந்த ஆராய்ச்சியில் ருசி ஏற்பட்டது.

பறை என்றால் சொல்

பறை என்ற சொல்லுக்கே இரு பொருள் உண்டு. ஒன்று தோற்கருவி, மற்றொன்று சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்றால் பேசுவது. நாமும் செய்தித்தாளில் 'பறைசாற்றினார்' என்று எழுதுகிறோம். கன்னடத்தில் 'டங்குர சாரு' என்பார்கள். சாரு என்பதும் நம் சாற்று என்பதும் ஒன்றே. ஆகவே தாளத்தையும் பேச்சையும் ஒரே கட்டுரையில் சேர்ப்பது என் குறும்பு அன்று. மொழியே சேர்த்து வைத்திருக்கிறது.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறார். எந்த நிலத்துக்கு எந்தப் பறை என்பதைப் பின்னால் வந்த நம்பி அகப்பொருள் பெயர் சொல்லி விரிக்கிறது: குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று. அந்நூலாசிரியர் நாற்கவிராச நம்பி சமணர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடல் ஆசானுக்கும் பாடல் ஆசானுக்கும் இலக்கணம் சொன்ன கையோடு தண்ணுமை முழக்குவோனுக்கும் இலக்கணம் வருகிறது. 'எங்கள் நூல்' என்று மார் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தாளம் போடுகிறவனைப் புலவர்கள் கீழே வைக்கவில்லை என்பதற்காகச் சொல்லுகிறேன்.

புறநானூற்றில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நால்வரையும் போற்றத்தக்க குடிகளாக எண்ணுகிறார். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகளுக்கு வரும்போதோ, ஊர் நிலத்தை அளந்து சொல்லும் இடத்தில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் தனியே நிற்கின்றன. குடி, சேரி ஆகிவிட்டது. ஐரோப்பியர் வந்த பிறகு 17ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்குப் போய், நாளடைவில் ஊரால் ஒதுக்கப்பட்டவன் எவனுக்கும் 'பரையா' என்ற பொதுப்பெயராயிற்று. உலகம் முழுதும் வழங்கும் ஒரு வசைச்சொல்லுக்குள் நம் தோற்கருவி ஒன்று அகப்பட்டுக் கிடக்கிறது. இன்றும் ஆங்கில ஏடுகள் யோசனையில்லாமல் அதை எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆறுக்குள் இரண்டு கணக்கு

பறை செய்யும் விதம் எளிது. மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகட்டால் இணைத்து வட்டமாக்கி, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால் தோல் இறுகி நாதம் ஏறும். மழை நாளில் பாதி நேரம் இந்தக் காய்ச்சலிலேயே போய்விடும். இப்போது ஃபைபர் தோல் வந்துவிட்டது. நெருப்பு வேண்டாம், மழைக்கும் அஞ்ச வேண்டாம். ஆனால் பாத்திரக்கடைக் காதுக்கு அந்த ஒலி பிளாஸ்டிக் குடம்தான்.

அடிகளுக்குப் பெயர் உண்டு. சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடி, வாழ்த்தடி, ஒத்தையடி, டப்பா அடி, பாடம் அடி என்று வரிசை நீளும். பிற்காலத்தில் சினிமா அடியும் ஜாயிண்ட் அடியும் சேர்ந்தன. பெயரைப் பார்த்தாலே வேலை தெரிகிறது: சப்பரம் புறப்பட, சாமி சாட்ட, மருள் ஏற, மாரடித்து அழ. சாவுக்கு மட்டுமே உரியது பறை என்று நம்மில் பலர் நினைப்பது இந்தப் பட்டியல் தெரியாததால்தான்.

தெருவில் நம்மை ஆட வைக்கும் குத்தடியின் கணக்கு ஆறு. தகிட தகிட என்று இரண்டு மூன்றாகச் சொல்லலாம். தக தக தக என்று மூன்று இரண்டாகவும் வெட்டலாம். ஒருவர் முதல் கணக்கில் நிற்க, பக்கத்தில் இருப்பவர் இரண்டாம் கணக்கில் புகுந்தால், காலுக்கு எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் போகும். உடம்பு தானாக ஆடும். டண்டணக்கா என்று குழந்தையும் சொல்லும் சொல்லுக்குள் இருக்கும் சூட்சுமம் இவ்வளவுதான். சினிமாக்காரர்கள் இதை 'சிக்ஸ் எயிட்' என்பார்கள். மல்லேசுவரத்தில் மிருதங்க வகுப்புக்குப் போகும் உங்கள் பேரன் படிக்கிற திஸ்ர நடையும் மூன்று மூன்றாய் நடப்பதுதான். அங்கே கட்டணம் கட்டிக் கற்கிறோம். இங்கே ஜன்னலைச் சாத்துகிறோம்.

பறையை ஏற்றிப் பேசும்போது மறக்கக்கூடாத ஒன்று உண்டு. இது விரும்பி எடுத்த கலையாக மட்டும் இருந்ததில்லை. ஊர் சுமத்திய அடிமை வேலையாகவும் இருந்தது. எங்கள் தெருவில் வெகுகாலம் அடித்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஊர்ல எங்கப்பன் அடிச்சதுக்குக் காசா குடுத்தாங்க? சாராயமும் மிச்ச சோறும். இங்க வந்து மில்லுல சேர்ந்ததும் இதைத் தொடக் கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் நம்ம சனத்துக்குச் சாவுன்னா யாரு அடிக்கிறதுன்னு எடுத்தேன். இங்க ரேட் பேசி அடிச்சேன் சார், அதுதான் வித்தியாசம்." தமிழ்நாட்டிலும் 1980களிலிருந்து பல ஊர்களில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் உண்டு. அதே கருவியைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் மேடையில் ஏந்தி அடித்தபோது அதன் முகம் மாறியது. 2023இல் கர்நாடகத்துச் சிக்கபள்ளாப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கும், 2025இல் தமிழகத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தமட்டெயும் பறையும் ஒரே குடும்பம். நடுவே, 2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு மனிதனை நடக்கவிட்டுப் பறையடித்து அறிவிக்கச் செய்யும் இழிவு போக வேண்டும் என்பதே காரணம். கருவிக்கு விருதும் கட்டாயத்துக்குத் தடையும் அடுத்தடுத்து வந்ததை நான் முரண்பாடாகக் காணவில்லை.

கானாவும் கோ-கோவும்

பறை முன்னே போக, பின்னே வருவது கானா. இந்துஸ்தானியில் பாட்டுக்கு கானா என்று பெயர். வடசென்னையில் அது ஒரு தனிப்பாட்டு வகைக்குப் பெயராகிவிட்டது. பிணம் கிடக்கும் இரவிலும் பதினாறாம் நாளிலும் பாடுவது மரண கானா. டோலக், டேப், குடம், சமயத்தில் புல்புல்தாரா. ஒன்றுமில்லையென்றால் தீப்பெட்டியும் மேஜையும் போதும். இறந்தவர் பெயர், தெருப்பெயர், கூட இருந்த நண்பர்கள் பெயர் எல்லாம் பாட்டுக்குள் வரும். 1990களில் தேவா இசையில் சினிமாவில் பரவியது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' மூலம் கானா உலகநாதனும், 2012இல் 'அட்டகத்தி' மூலம் கானா பாலாவும் வீடுதோறும் தெரிந்தவர் ஆயினர். 2018 சனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறிற்று. அதில் பாடிய இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஸ்ரீராம்புரத்துப் பையன்கள் இவர்களையெல்லாம் கைபேசியில் கேட்டு, நடுநடுவே கன்னடம் போட்டுப் பாடுகிறார்கள்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வேலையில் இருக்கிறான். "மாமா, உங்க தெரு மேளம் மாதிரியே இங்க ஒண்ணு இருக்கு" என்று சில பாட்டுகளை அனுப்பினான். அதன் பெயர் கோ-கோ. வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின மக்களின் இசை. சக் பிரவுன் என்பவர் (மறைவு 2012) 1970களில் இதற்கு உருக்கொடுத்தார். பாட்டு முடிந்ததும் ஆடுகிறவர்கள் கலைந்துவிடாதபடி, அடுத்த பாட்டு வரும்வரை காங்கா மேளமும் மாட்டுமணி போன்ற தாளமும் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். போய்க்கொண்டே இருப்பதால்தான் அப்பெயர் என்பார்கள். நம் சாவு ஊர்வலத்திலும் ஓர் அடி முடிந்து இன்னோர் அடி தொடங்கும் இடத்தில் மௌனம் கிடையாது. முன்னவர் குச்சியால் ஒரு சைகை, எல்லோரும் மாறிவிடுவார்கள். வேகத்தில் வேறுபாடு உண்டு. நம் குத்து ஓடும். கோ-கோ சற்றுச் சாய்ந்து சாவகாசமாக நடக்கும். அந்தச் சாய்வு கூடி வந்த நிலையை அவர்கள் 'பாக்கெட்' என்கிறார்கள். தாளம் பையில் விழுந்தாற்போல் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். நம் பையன்கள் 'செட் ஆயிடுச்சு' என்பது இதற்குத்தான்.

இன்னொரு ஒற்றுமை எனக்கு வியப்பாக இருந்தது. கோ-கோ மேடையில் பாடுகிறவரோடு பேசுகிறவர் ஒருவரும் இருப்பார். கூட்டத்தில் யார் எந்தப் பேட்டையிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி அழைப்பது அவர் வேலை. மரண கானாக்காரர் செய்வதும் அதுவே. பெரிய ஊரில் பெயரில்லாமல் போனவனுக்கு ஒரு ராத்திரியாவது பெயர் கிடைக்கிறது. அங்கே நாகரிகம் தெரியாதவனைக் கிண்டலாக 'பாமா' என்பார்களாம். அலபாமா என்ற தெற்கு மாநிலத்தின் பெயர் தேய்ந்தது அது. தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளே, பின்னால் வந்தவனைப் பார்த்துச் சொன்ன கேலி. ஆர்க்காட்டிலிருந்து வந்தவன் அடுத்த ரயிலில் வந்தவனைப் 'பட்டிக்காடு' என்று சிரிப்பதை ஒக்கலிபுரம் ரயில் பாலத்தடியில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

சொல்லுக்கு வருவோம்

மேளத்திலிருந்து பேச்சுக்கு வந்த சொற்கள் ஏராளம். வெட்டியாகப் புகழ்கிறவன் ஜால்ரா அடிக்கிறான். சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவன் ஒத்து ஊதுகிறான். தற்பெருமைக்காரன் தம்பட்டம் அடிக்கிறான். இல்லாதவன் சோற்றுக்குத் தாளம் போடுகிறான். குடித்தவனுக்குச் சுதி ஏறுகிறது. இருபக்கமும் அடி வாங்குகிறவன் மத்தளம். இவற்றைப் பேராசிரியரும் சொல்லுகிறார், ஆட்டோ ஓட்டுநரும் சொல்லுகிறார். ஒருவரும் கொச்சை என்று ஒதுக்குவதில்லை. 'காய்ச்சி எடுத்துட்டான்' என்பதும் பறைத்தோலைக் காய்ச்சுவதிலிருந்துதான் வந்தது என்று ஓர் அன்பர் வாதிட்டார். பாலையும் இரும்பையுங்கூடத்தான் காய்ச்சுகிறோம். எல்லாவற்றையும் பறைக்குள் திணிக்க வேண்டியதில்லை.

கானாவில் புழங்கும் மற்றச் சொற்கள் வந்த வழி வேறு. நாஷ்டா, மஜா, பேஜார், பேமானி, குஜால் எல்லாம் உருதுவோடு வந்தவை. பிகில் ஆங்கிலப் படையின் ஊதுகுழல். சென்னையில் வாய்ச்சண்டையில் முதலில் வரும் கஸ்மாலம் வடமொழிச் சொல். பகவத் கீதையில் அர்ச்சுனனின் மனச்சோர்வைக் குறிக்க வருவது அதுதான். 'இஸ்துகினு' மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. நம் 'இழுத்துக்கொண்டு' அவசரத்தில் ஓடிய ஓட்டம். துறைமுகம், ராணுவ முகாம், மில் வாசல், ரிக்‌ஷா நிலையம் என்று யார் யாரோடு நின்று வேலை செய்தார்களோ அவர்கள் சொல் எல்லாம் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொச்சை என்று தள்ளுவதைவிட இதை வேலைப் பதிவேடு என்று படிப்பது நல்லது. பெங்களூருக்கு வந்தபின் 'சக்கத்' சேர்ந்தது; அது பாரசீகத்துச் சக்த் என்பதன் கன்னட வடிவம். பதிலுக்கு நம் 'மச்சா'வைக் கன்னடப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

மறுபடி வாஷிங்டனுக்கு ஒரு நிமிடம். அங்கே ஒரு கைபேசிக் கடை வாசலில் பல ஆண்டுகளாக ஒலிபெருக்கியில் கோ-கோ பாடிக்கொண்டிருந்தது. 2019இல் பக்கத்துப் புதிய அடுக்குமாடியிலிருந்து புகார் வந்து பாட்டு நின்றது. மக்கள் தெருவில் கூடி ஆடியே எதிர்ப்புத் தெரிவிக்க, சில நாட்களில் பாட்டு திரும்பியது. 2020இல் கோ-கோவை நகரின் அதிகாரப்பூர்வ இசையாக அறிவித்துச் சட்டமே செய்தார்கள்.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்திலும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து, சாவு ஊர்வலத்தில் பறை அடிக்கக் கூடாது என்று காவல் நிலையத்துக்கு ஒரு மனு தயாராயிற்று. கையெழுத்துக்கு என் கடைக்கும் வந்தது. இரவு 10 மணிக்கு மேல் ஓசை கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதி நியாயமானது, மறுப்பில்லை. ஆனால் எங்கள் தெரு ஊர்வலம் பிற்பகலில் போகிறது. பள்ளிக்கூட வாசலில் அடியை நிறுத்திக் கடப்பதும் வழக்கம். மனுவைப் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தமிழ்ப் பெயர்கள். அவற்றில் இரண்டு, மில் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள். அவர்கள் தாத்தாக்கள் போனபோது இந்தப் பறைதான் முன்னே போயிற்று. நான் கையெழுத்துப் போடவில்லை. கொண்டுவந்த தம்பியிடம் காரணத்தையும் சொன்னேன். எங்கள் வீட்டுச் சாவில் பறையும் ஆட்டமும் கிடையாது. என் பேச்சில் சொந்த லாபம் ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும். "யோசிக்கிறேன் ஐயா" என்று மனுவை மடித்துக்கொண்டு போனார்.

அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரைக் கரைக்கக் கொண்டுபோக, அதே குடியிருப்பிலிருந்து மேளத்துக்கு ஆள் கேட்டு வந்தார்கள். போனது எங்கள் தெருச் செட்டுத்தான்: நான்கு பறை, ஒரு சட்டி, இரண்டு டிரம். தகிட தகிட என்று அடி விழுந்ததும் லிஃப்டில் இறங்கி வந்த பிள்ளைகள் தமிழ், கன்னடம், இந்தி என்ற பேதமில்லாமல் ஆடினார்கள். நம் டப்பாங்குத்துக்குக் கன்னடத்தில் டப்பாங்குச்சி என்று பெயர். குத்து, குச்சி ஆகிவிட்டது. அடிக்கும் கருவியைப் பார்த்தால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. அன்று பறையடித்த நம்ம பையன் ஒருவன் கூட்டத்தைப் பார்த்து, "டப்பாங்குச்சி ஓடட்டுமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.